நின்றுபோன சாவி வாட்ச்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய கைக்கடிகாரங்களைப் பொழுதுபோக்காகப் பழுதுபார்க்கத் தொடங்கியிருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பெரும்பாலானவை சாவி கொடுக்கும் வாட்சுகளைப் பற்றியவை. இவற்றில் பல, காய்ந்த எண்ணெயாலும் அழுக்காலும் நின்றவை. அவற்றுக்குப் புது உதிரிபாகங்களைவிட நிதானமான ஒரு கழுவல்தான் தேவை. உடைந்த நிலையில் மேசைக்கு வரும் வாட்சுகளில் பல, திறந்தபின் அவசரத்தில் உடைந்தவை.

கேள்வி: 30 ஆண்டுகளாகப் பெட்டியில் கிடந்த 17 கல் வாட்ச் ஒன்று கிடைத்திருக்கிறது. சாவி முழுவதும் ஏறி இறுகி நிற்கிறது. குலுக்கினால் சில விநாடிகள் ஓடி நின்றுவிடுகிறது. அளவுக்கு மீறிச் சாவி கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்கிறார்களே, அப்படியா?

பதில்: இல்லை. விசையைச் சேமிக்கும் மெயின் ஸ்பிரிங் முழுவதும் சுருண்டதும் சாவி தானாக நின்றுவிடும். அதற்கு மேலும் முரட்டுத்தனமாகத் திருகினால் ஸ்பிரிங்கோ, அது அவிழாமல் பல்லைப் பிடித்திருக்கும் கிளிக்கோ உடையலாம். உடைந்தால் சாவி இறுகி நிற்காது, பிடிமானமின்றிச் சுற்றும். உங்கள் வாட்சில் ஸ்பிரிங்கில் விசை இருக்கிறது, அது முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் வரை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். சக்கரங்களின் அச்சுமுனைகள் சுழலும் கல் துளைகளில் இருந்த எண்ணெய் காய்ந்து பசையாகிவிட்டது.

இந்த நிலையில் குலுக்கிக் குலுக்கி ஓட வைக்காதீர்கள். பேலன்ஸின் அச்சுமுனை ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான், தலைமுடியின் பருமன். காய்ந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்த கலவை, உப்புத்தாள் போல அந்த முனையை அரைத்துவிடும். ஓடாமல் கிடந்த 30 ஆண்டுகளில் வாட்சுக்கு அதிகக் கேடு வந்திருக்காது. கழுவாமல் ஓடவிடும் ஆறு மாதத்தில் வரும்.

பிரிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பின்மூடியை எடுத்துவிட்டு, மிஷினை மெல்லச் சாய்த்து லென்ஸ் வழியே பேலன்ஸைப் பாருங்கள். சக்கரம் சமதளமாக ஆடினால் அச்சு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. ஒரு பக்கம் சரிந்து தள்ளாடினால் பேலன்ஸ் அச்சு உடைந்திருக்கலாம். அதிர்ச்சித் தாங்கி இல்லாத பழைய வாட்சுகளில் ஒருமுறை கீழே விழுந்தாலே இது நடக்கும். அச்சு மாற்றுவதற்குக் கடைசல் இயந்திரமும் தட்டிப் பொருத்தும் கருவியும் வேண்டும். அது தொடக்கநிலை வேலை அல்ல. அதே வகை எண்ணுள்ள மிஷினிலிருந்து, பேலன்ஸை ஆட்டும் முடிபோன்ற சுருளான ஹேர் ஸ்பிரிங்குடன் சேர்ந்த முழு பேலன்ஸை எடுத்து மாற்றுவதே நடைமுறை வழி.

கேள்வி: முதன்முதலில் பழக எந்த வாட்சை எடுப்பது? அப்பாவின் வாட்சையே எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அது ஐந்தாவதோ ஆறாவதோ வாட்சாக இருக்கட்டும். முதலில் தேதி காட்டாத, தானியங்கி அல்லாத, மூன்று முள் வாட்சாக எடுங்கள். ஓடிக்கொண்டிருப்பதாகப் பார்த்து எடுப்பது இன்னும் நல்லது. ஓடும் வாட்சைப் பிரித்துப் பூட்டியபின் அது ஓடாவிட்டால், தவறு உங்கள் பூட்டலில் என்று தெரிந்துவிடும். ஓடாத வாட்சில் அந்தத் தெளிவு கிடைக்காது. பெரிய மிஷின் வேண்டுமென்றால் யூனிடாஸ் 6497, 6498 வகைகள் பழகுவதற்கு ஏற்றவை. 36.6 மில்லிமீட்டர் அகலம், பாகங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், உதிரிபாகமும் கிடைக்கும்.

கேள்வி: கருவிகள் என்னென்ன வேண்டும்? விலை குறைந்த செட் ஒன்று போதுமா?

பதில்: ஸ்க்ரூடிரைவரிலும் சாமணத்திலும் மட்டும் சிக்கனம் வேண்டாம். 0.8, 1.0, 1.2, 1.6 மில்லிமீட்டர் ஸ்க்ரூடிரைவர்கள் நான்கு இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். முனையின் அகலம் திருகுத் தலையின் பிளவை ஏறக்குறைய நிரப்ப வேண்டும், பருமன் பிளவின் அடிவரை இறங்க வேண்டும். மெல்லிய முனை நழுவினால், சக்கரங்களை மேலிருந்து தாங்கும் தகடான பிரிட்ஜில் கீறல் விழும், ஹேர் ஸ்பிரிங்கில் பாய்ந்தால் வாட்சே போயிற்று. முனை மழுங்கும்போது எண்ணெய்க் கல்லில் தீட்டிக்கொள்ளுங்கள்.

காந்தம் ஏறாத கூர்முனைச் சாமணம் ஒன்று, 5 மடங்கும் 10 மடங்கும் பெரிதாக்கும் கண் லென்ஸ்கள், மிஷினைப் பிடிக்கும் தாங்கி, முள் எடுக்கும் நெம்புகோல் ஒரு ஜோடி, காற்றடிக்கும் ரப்பர் குமிழ், விரலுறைகள், கல் துளை துடைக்கும் மரக்குச்சிகள், மூன்று நான்கு எண்ணெய்க் குச்சிகள், மூடியுள்ள பாகத்தட்டு. காந்தம் நீக்கும் கருவியும் சேர்த்து வாங்கிவிடுங்கள். மேசைமேல் வெள்ளைத் தாள் விரித்து, மார்பு உயரத்துக்கு வரும்படி அமைத்துக்கொண்டால் கழுத்து நோகாது, தெறித்த திருகும் கண்ணில் படும். விரலுறை கட்டாயம். விரல் ஈரம் பட்ட எஃகில் சில வாரங்களில் ரேகை வடிவத்திலேயே துரு பூக்கும்.

கேள்வி: பிரிக்கும் வரிசையைச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தவறு நடக்கும்?

பதில்: எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்பிரிங்கின் விசையை இறக்க வேண்டும். சாவிக் குமிழை விரல்களால் பிடித்து இம்மியளவு முன்னால் திருப்புங்கள். கிளிக் பல்லிலிருந்து விடுபடும். அதை மரக்குச்சியால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, குமிழை விரல்களுக்கு இடையே மெல்ல வழுக்கிப் பின்னால் சுழல விடுங்கள். சட்டென்று விட்டால் ஸ்பிரிங்கைச் சுருட்டும் ராட்செட் சக்கரம் அசுர வேகத்தில் சுழன்று கிளிக்கையோ பல்லையோ உடைக்கும்.

அடுத்தது குமிழோடு சேர்ந்த தண்டு. சில மிஷின்களில் சிறு பொத்தானை அழுத்தினால் தண்டு வந்துவிடும். பழையவற்றில் ஒரு திருகைத் தளர்த்த வேண்டும். ஒரு சுற்று, மிஞ்சிப்போனால் ஒன்றரைச் சுற்று. இங்கே நிறையப் பேர் தவறுகிறார்கள். திருகை முழுவதும் கழற்றினால் அடியில் இருக்கும் லீவர் டயல் பக்கம் விழுந்துவிடும். பிறகு டயலை எடுக்காமல் அதைத் திரும்பப் பொருத்த முடியாது.

மிஷினைக் கேஸிலிருந்து எடுத்ததும் தண்டைத் திரும்பச் செருகி, முட்கள் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி வையுங்கள். டயல்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, இருபுறமும் நெம்புகோல் கொடுத்து நேராக மேலே தூக்குங்கள். பக்கவாட்டில் இழுத்தால் விநாடி முள்ளின் அச்சு வளையும். டயலைப் பிடிக்கும் இரண்டு சிறு திருகுகள் மிஷினின் விளிம்பில் இருக்கும். அவற்றையும் தளர்த்தினால் போதும். டயல் வந்தவுடன் அதை ஒரு டப்பாவில் வைத்து மூடிவிட்டு, வேலை முடியும்வரை தொடாதீர்கள். டயலுக்கு அடியில் இருந்த மணிச் சக்கரத்தை எடுத்து, நிமிட முள்ளைச் சுமக்கும் குழாயான கேனன் பினியனை நேராக மேலே இழுத்துக் கழற்றுங்கள்.

பின்பக்கம் திருப்பி, முதலில் பேலன்ஸை எடுங்கள். அதன் பிரிட்ஜ் திருகைக் கழற்றி, விளிம்பிலுள்ள பள்ளத்தில் ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நிமிண்டினால் தளரும். பிரிட்ஜோடு சேர்த்துத் தூக்கும்போது சக்கரம் ஹேர் ஸ்பிரிங்கில் தொங்கும். ஒரு நொடி தொங்கினால் ஒன்றும் ஆகாது, ஆனால் எதிலாவது மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்காமல் இழுக்காதீர்கள்.

இப்போது, எஸ்கேப் சக்கரத்தின் பற்களை ஒவ்வொன்றாக விடும் கவைக்கோலான பேலட் ஃபோர்க்கின் வாலை மெல்லத் தள்ளிப் பாருங்கள். அது மறுபக்கம் தானாகத் துள்ளி ஒட்டிக்கொண்டால் இன்னும் விசை மிச்சமிருக்கிறது. விசையோடு ஃபோர்க்கை எடுத்தால் சக்கரங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கட்டுப்பாடில்லாமல் சுழன்று அச்சுமுனைகள் முறியும். தளர்ந்து கிடந்தால் மட்டும் ஃபோர்க்கை எடுத்து, பிறகு ராட்செட் சக்கரம், கிரவுன் சக்கரம், மெயின் ஸ்பிரிங் அடங்கிய பேரலின் பிரிட்ஜ், சக்கரத் தொடரின் பிரிட்ஜ் என்று போங்கள்.

கிரவுன் சக்கரத்தின் நடுத்திருகு பல மிஷின்களில் இடப்புரி, அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அதன் தலையில் ஒன்றுக்குப் பதில் மூன்று கோடுகள் இருந்தால் நிச்சயம் இடப்புரிதான். ஒரு கோடு இருந்தாலும் சந்தேகப்படுங்கள். வழக்கமான பக்கம் திருப்பித் திறக்க முயன்று தலையை முறித்த மிஷின்கள் ஏராளம்.

ஒவ்வொரு படியிலும் படம் எடுங்கள். எந்தப் பிரிட்ஜில் எந்தத் திருகு என்பதையும் தட்டில் பிரித்து வையுங்கள். பார்வைக்கு ஒன்றாக இருக்கும் திருகுகள் நீளத்தில் வேறுபடும். கால் மில்லிமீட்டர் நீளமான திருகு அடியிலுள்ள ஒரு சக்கரத்தை முட்டி நிறுத்திவிடும். அந்தக் கோளாறைப் பூட்டியபின் தேடுவது மிகவும் கடினம்.

கேள்வி: துருப்பிடித்த திருகைக் கழற்றும்போது தலை முறிந்து, உடல் பித்தளைத் தட்டுக்குள் மாட்டிக்கொண்டது. துளையிட்டு எடுக்கலாமா?

பதில்: துளையிடாதீர்கள், மரை கெட்டுவிடும். படிகாரம் இருக்கிறது. தட்டிலிருந்து எஃகாலான எல்லாப் பாகங்களையும் கழற்றிவிடுங்கள். பூட்டும் ஊசிகள், ஸ்பிரிங்குகள், சிறு திருகுகள் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. கண்ணாடிக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, இனிமேல் கரையாது என்னும் அளவுக்குப் படிகாரத் தூள் கலந்து, தட்டை அதில் மூழ்க வையுங்கள். முறிந்த பக்கம் மேல்நோக்கி இருக்கட்டும். கரைசல் சூடாக இருந்தால் வேலை வேகமாக நடக்கும். திருகிலிருந்து நுண்குமிழிகள் வரத் தொடங்கும். படிகாரம் எஃகைக் கருப்புப் பொடியாகக் கரைக்கும், பித்தளையையும் கல்லையும் விட்டுவிடும். சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாள் வரை ஆகலாம். அவ்வப்போது கரைசலை மாற்றி, குச்சியால் பொடியைத் தள்ளிவிடுங்கள். முடிந்ததும் நன்றாக அலசி உலர்த்துங்கள். எஃகுக் கிண்ணம் மட்டும் வேண்டாம், அதையும் கரைக்கும்.

கேள்வி: எதில் கழுவுவது? ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்தேன், பேலட் ஃபோர்க்கின் கல் ஒன்று கழன்று வந்துவிட்டது.

பதில்: அந்தக் கல்லை ஒட்டியிருந்தது அரக்கு. ஆல்கஹாலில் அரக்கு கரையும். பேலன்ஸின் அடியிலிருக்கும் சிறு கல்லும் அரக்கால்தான் நிற்கிறது. எனவே பேலட் ஃபோர்க்கையும் பேலன்ஸையும் லைட்டர் பெட்ரோல் என்று விற்கும் நாப்தாவில் மட்டும் கழுவுங்கள். அது அரக்கைத் தொடாது, பழைய எண்ணெயை நன்றாகக் கரைக்கும், எச்சமின்றி ஆவியாகும். உங்கள் ஃபோர்க்கைப் பொறுத்தவரை, கல்லை அதே ஆழத்தில் திரும்ப வைத்து அரக்கிட நுண்ணோக்கியும் சூடாக்கும் தட்டும் வேண்டும். வேறு ஃபோர்க் கிடைத்தால் அதை மாற்றிவிடுவதே நல்லது.

மற்ற பாகங்களுக்கு இரண்டு மூன்று படிகள் உண்டு. முதலில் நாப்தாவில் 10, 15 நிமிடம் ஊறவைத்து மென்தூரிகையால் தேய்ப்பது. பிறகு வாட்சுக்கென்றே விற்கும் கழுவும் திரவத்தில் அலசுவது, மீயொலித் தொட்டி இருந்தால் அதில் சில நிமிடம். கடைசியாக அலசல் திரவத்திலோ புதிய ஆல்கஹாலிலோ இரண்டு முறை முக்கி எடுத்து, வெதுவெதுப்பான காற்றில் உலர்த்துவது. நீர் கலந்த திரவம் பயன்படுத்தினால் அலசலில் சோம்பல் கூடாது, எஃகுப் பற்களில் ஒரே இரவில் துரு பூத்துவிடும். நாப்தாவை ஒருபோதும் மீயொலித் தொட்டியில் ஊற்றாதீர்கள். அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். சன்னலைத் திறந்து வைத்து, அடுப்பும் தீப்பொறியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

திரவம் மட்டும் கல் துளையைச் சுத்தம் செய்துவிடாது. மரக்குச்சியின் நுனியைக் கூராகச் சீவி, ஒவ்வொரு துளையிலும் இருபுறமும் செருகித் திருகுங்கள். நுனி கறுத்து வரும். மறுபடி சீவுங்கள், மறுபடி திருகுங்கள். நுனி வெள்ளையாகவே திரும்பும்வரை விடாதீர்கள். எல்லாத் துளைகளுக்கும் இதைச் செய்ய அரை நாள் ஆகும். இந்தத் தொழிலில் இதைவிடப் பலன் தரும் அரை நாள் வேறில்லை. சுத்தமான துளையில் சக்கரம் ஊதினாலே சுழலும்.

ஹேர் ஸ்பிரிங் சிக்கிக்கொள்ளாமல் பேலன்ஸைக் கழுவ எளிய வழி ஒன்று உண்டு. எல்லாம் கழற்றிய வெறும் அடித்தட்டில் பேலன்ஸை மட்டும் அதன் பிரிட்ஜோடு பூட்டி, அப்படியே நாப்தாவில் முக்குங்கள்.

கேள்வி: பழைய மெயின் ஸ்பிரிங்கையே கழுவிப் போடலாமா?

பதில்: நீலநிற எஃகு ஸ்பிரிங் என்றால் மாற்றிவிடுங்கள். பல்லாண்டு சுருண்டே கிடந்தால் அது விரியும் திறனை இழந்துவிடும், எப்போது வேண்டுமானாலும் உடையவும் செய்யும். பின்னால் வந்த வெள்ளைநிறக் கலப்பு உலோக ஸ்பிரிங் வெளியே எடுத்ததும் தலைகீழாக வளைந்து எஸ் வடிவில் விரிந்தால் இன்னும் உயிருள்ளது.

புதியது வாங்க மூன்று அளவு வேண்டும்: பட்டையின் உயரம், தடிமன், நீளம். பேரலின் உள்விட்டத்தையும் சொன்னால் நல்லது. தடிமனில்தான் எச்சரிக்கை வேண்டும். விசை தடிமனின் முப்படிக்கு ஏற்ப உயரும். 0.10 இருந்த இடத்தில் 0.11 மில்லிமீட்டர் போட்டால் விசை ஏறக்குறைய 33 சதவீதம் கூடிவிடும். பேலன்ஸ் அளவுக்கு மீறி ஆடி, ஃபோர்க்கின் மறுபுறத்தில் இடிக்கும். வாட்ச் கன்னாபின்னாவென்று வேகமாக ஓடும். வலுவான ஸ்பிரிங் போட்டால் அழுக்கு மிஷினும் ஓடும் என்பது கெட்ட பழக்கம்.

புதிய ஸ்பிரிங் ஒரு வளையத்துக்குள் சுருண்டு வரும். பேரல்மேல் வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். எந்தப் பக்கம் சுருள்கிறது என்பதைப் பழையதோடு ஒப்பிட்டபின் அழுத்துங்கள். கையால் சுருட்டி நுழைத்தால் பட்டை கூம்புபோல் முறுக்கிக்கொண்டு பேரல் மூடியை உரசும்.

கேள்வி: எண்ணெய் எங்கே, எவ்வளவு? தையல் மிஷின் எண்ணெய் விடலாமா?

பதில்: தையல் மிஷின் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது இருந்த இடத்தில் நிற்காது, பரவி ஓடிவிடும். வாட்ச் எண்ணெயின் சிறப்பே விட்ட இடத்தில் நிற்பதுதான்.

மோபியஸ் 9010 போன்ற மெல்லிய எண்ணெய், வேகமாகச் சுழலும் முனைகளுக்கு: பேலன்ஸ், எஸ்கேப் சக்கரம், விநாடி முள்ளுக்கான நான்காம் சக்கரம். டி5 அல்லது எச்பி 1300 போன்ற கனமான எண்ணெய், மெதுவாகவும் பாரத்தோடும் சுழலும் இடங்களுக்கு: நடுச் சக்கரம், பேரலின் அச்சு, கேனன் பினியன். தண்டும் அதைச் சார்ந்த லீவர்களும் உரசும் இடத்துக்குக் கிரீஸ். மெயின் ஸ்பிரிங்குக்கு 8200 போன்ற கிரீஸ் மெல்லிய பூச்சாக. தானியங்கி வாட்சில் மட்டும் பேரலின் உட்சுவருக்குத் தனிக் கிரீஸ் உண்டு. அதில் ஸ்பிரிங்கின் வெளிநுனி சுவரில் வழுக்கும்படி அமைந்தது, வழுக்கலைக் கட்டுப்படுத்த அந்தக் கிரீஸ் வேண்டும்.

அளவு என்று கேட்டால், கல்லின் கிண்ணப் பள்ளத்தில் பாதி, அதிகம் போனால் மூன்றில் இரண்டு பங்கு. பள்ளம் நிரம்பி வழிந்தால் எண்ணெய் தட்டின்மேல் பரவி, துளையிலிருந்ததையும் இழுத்துக்கொண்டு போய்விடும். சில மாதங்களில் அந்த முனை வறண்டுவிடும். அதிகம் ஊற்றினால் அதிக நாள் வரும் என்ற கணக்கு இங்கே தலைகீழாக வேலை செய்கிறது.

பேலட் கல்லுக்கு எண்ணெய் விடுவது தனிக் கலை. 9415 போன்ற எண்ணெயை எஸ்கேப் பல் வெளியேறும் கல்லின் முகத்தில் ஒரு புள்ளி வைத்து, ஐந்து பற்களைக் கடக்க விடுங்கள். மறுபடி ஒரு புள்ளி, ஐந்து பல். மூன்று முறை செய்தால் 15 பற்களுக்கும் போய்ச் சேரும்.

எண்ணெய் படக்கூடாத இடங்களும் உண்டு. ஹேர் ஸ்பிரிங்கில் துளிகூடக் கூடாது, சுருள்கள் ஒட்டிக்கொள்ளும். பேலட் ஃபோர்க்கின் அச்சுமுனைகளுக்கும் வேண்டாம். அது முழுச் சுற்று சுற்றுவதில்லை, சில டிகிரி அசைகிறது. அங்கே எண்ணெயின் இழுவைதான் அதிகம். சக்கரப் பற்களும் மணிச் சக்கரமும் வறண்டே இருக்கட்டும்.

கேள்வி: பூட்டும்போது சக்கரத் தொடரின் பிரிட்ஜ் சரியாக உட்காரவே மாட்டேன் என்கிறது. திருகை முடுக்கினால் உட்கார்ந்துவிடுமா?

பதில்: முடுக்கினால் உட்காரும், கூடவே ஒரு அச்சுமுனையும் முறியும். பிரிட்ஜை வைத்து விரல் நுனியால் மிக லேசாக அழுத்தியபடியே, ஒவ்வொரு சக்கரத்தையும் சாமணத்தால் இம்மியளவு நகர்த்தி முனைகளைத் துளைக்குள் வழிநடத்துங்கள். எல்லாம் நுழைந்ததும் பிரிட்ஜ் தானாக இறங்கி மட்டமாகும், கையில் உணர்வீர்கள். திருகைப் பாதி முடுக்கி, பேரலை விரலால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். எஸ்கேப் சக்கரம் தயங்காமல் சுழன்று, நிற்கும்போது சற்றே பின்வாங்கினால் தொடர் விடுதலையாக இருக்கிறது. பிறகுதான் முழு முடுக்கம். முடுக்கியபின் மறுபடி தள்ளிப் பாருங்கள். பேலட் ஃபோர்க்கை இதற்குப் பிறகே வையுங்கள்.

கேள்வி: கழுவிப் பூட்டியதும் ஓடுகிறது, ஆனால் நாளுக்கு 20 நிமிடம் வேகம். வேகத்தைத் திருத்தும் லீவரைக் கழித்தல் பக்கம் முழுவதும் தள்ளியும் சரியாகவில்லை.

பதில்: லீவரை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இவ்வளவு வேகம் லீவரால் வந்தது அல்ல. ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. காரணம் காந்தமாக இருக்கலாம், எண்ணெயாக இருக்கலாம், வளைவாக இருக்கலாம். சிறிய திசைகாட்டியை மிஷின் அருகே கொண்டுபோங்கள். பேலன்ஸ் ஆடும்போது ஊசி நடுங்கினால் காந்தம். காந்தம் நீக்கும் கருவியை இயக்கியபடியே வாட்சைக் கை நீளத்துக்கு மெதுவாக விலக்கி, அதன்பிறகு கருவியை நிறுத்துங்கள். வாட்ச் மேலே இருக்கும்போதே நிறுத்தினால் காந்தம் ஏறிவிடும். பிறகும் வேகம் என்றால் பேலன்ஸை மறுபடி நாப்தாவில் கழுவுங்கள். அதன்பின் லென்ஸில் பார்த்துச் சுருள்களின் இடைவெளி சமமா என்று சோதியுங்கள்.

டிக் ஒலியைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் இருந்தால் மூன்று எண்களைப் பாருங்கள். பழைய வாட்சுகள் பல மணிக்கு 18,000 முறை, அதாவது விநாடிக்கு ஐந்து முறை அடிக்கும். முழுச் சாவியில், டயல் மேல்நோக்கி இருக்கையில் பேலன்ஸின் வீச்சு 270 முதல் 310 டிகிரி என்றால் மிக நன்று. வயதான மிஷினுக்கு 250 கூடப் பரவாயில்லை. 200-க்குக் கீழே என்றால் அழுக்கோ சோர்ந்த ஸ்பிரிங்கோ இன்னும் உள்ளே இருக்கிறது. அடிகளின் சமமின்மை 0.8 மில்லிவிநாடிக்குள் இருக்கட்டும். இவை இரண்டும் சரியானபிறகே நேர வித்தியாசத்தை லீவரால் திருத்துங்கள். கருவியில் லிஃப்ட் கோணம் (ஃபோர்க்கைத் தொட்டபடி பேலன்ஸ் சுழலும் அளவு) வழக்கமாக 52 டிகிரி என்றிருக்கும். உங்கள் மிஷினுக்கு அது வேறானால் வீச்சின் அளவும் தவறாகவே காட்டும்.

நாளுக்கு 86,400 விநாடி. அதில் 10 விநாடி தவறினால் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 50, 60 வயது வாட்ச் அந்த அளவுக்கு வந்துவிட்டால் லீவரை மேலும் நோண்டாதீர்கள்.

கேள்வி: விநாடி முள் ஒழுங்காக ஓடுகிறது. மணி மட்டும் பின்தங்கிவிடுகிறது. ஏன்?

பதில்: கேனன் பினியன் தளர்ந்துவிட்டது. நடு அச்சை இறுகப் பிடித்துச் சுழல வேண்டிய குழாய் அது. பிடி விட்டதால் முட்களைச் சுமக்க முடியாமல் வழுக்குகிறது. குழாய்க்குள் அதே விட்டமுள்ள வழவழப்பான ஊசியைச் செருகி, இடுப்பிலுள்ள பள்ளத்தில் மிக மெல்ல ஒருமுறை அழுத்துங்கள். பொருத்திப் பார்த்து, போதாவிட்டால் மறுபடி. ஊசி இல்லாமல் அழுத்தினால் குழாய் நசுங்கிவிடும்.

இதோடு சேர்த்து ஒரு குறிப்பு: வாட்ச் ஒவ்வொரு நிமிடமும் ஒரே இடத்தில் நின்றால் நான்காம் சக்கரத்தையும் விநாடி முள்ளையும் பாருங்கள். மணிக்கு ஒருமுறை என்றால் நடுச் சக்கரம், அல்லது முட்கள் ஒன்றோடொன்று உரசுவது.

கேள்வி: டயலில் கறைகள். எதனால் துடைத்தால் போகும்?

பதில்: துடைக்காதீர்கள். ரப்பர் குமிழால் தூசியை ஊதிவிடுவதோடு நிறுத்துங்கள். எழுத்துகள் மெல்லிய வார்னிஷின் மேலோ அடியிலோ அச்சிடப்பட்டவை. நீர் பட்டாலே சில டயல்களில் பெயரும் கோடுகளும் உரிந்து வந்துவிடும். புதிதாக அச்சடித்த டயலைவிடக் கறைபட்ட அசல் டயலுக்கே மதிப்பு அதிகம். எங்கள் கண்ணுக்கு அழகும் அதிகம்.

கேள்வி: இருட்டில் ஒளிரும் எண்கள் உள்ள 1950-களின் வாட்ச். இப்போது ஒளிர்வதில்லை. பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிது பூசலாமா?

பதில்: சுரண்டவே கூடாது. அந்தக் காலத்துப் பூச்சு பெரும்பாலும் ரேடியம். ஒளி நின்றதற்குக் காரணம் அதனோடு கலந்த துத்தநாக சல்ஃபைடு சிதைந்ததுதான். ரேடியம்-226-இன் அரை ஆயுள் ஏறக்குறைய 1,600 ஆண்டுகள். கதிர்வீச்சு அன்று இருந்தபடியேதான் இருக்கிறது. மூடிய வாட்சைவிடப் பெரிய ஆபத்து உதிர்ந்த தூளில் உள்ளது. மூச்சிலோ வாயிலோ போனால் எலும்பில் தங்கிவிடும். முட்கள் நெடுநாள் நின்ற இடத்தில் டயல் பழுப்பாக எரிந்திருந்தால் அது ரேடியத்தின் அடையாளம்.

டயலின் அடியில் டி ஸ்விஸ் டி என்று அச்சிட்டிருந்தால் அது டிரிட்டியம். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள், 50 ஆண்டில் பதினாறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மிஞ்சும், அதன் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவி ரேடியத்தைக் காட்டிக்கொடுக்கும், டிரிட்டியத்தைக் காட்டாது.

ரேடியம் டயல் வாட்சைத் தொடக்கநிலையில் திறக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பூச்சு உதிர்ந்து கிடப்பது கண்ணாடி வழியாகவே தெரிந்தால், திறக்காமல் ரேடியம் கையாளத் தெரிந்த தொழில்முறைப் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படையுங்கள்.

கேள்வி: கண்ணாடியில் கீறல், கேஸில் மங்கல். இரண்டையும் பாலிஷ் செய்யலாமா?

பதில்: கண்ணாடி அக்ரிலிக் என்றால் செய்யலாம். சுற்றிலும் கேஸை ஒட்டுநாடாவால் மூடி, 1000, 1500, 2000 எண் உப்புத்தாள்களை நீரில் நனைத்து வரிசையாகத் தேயுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள். பிறகு அக்ரிலிக் பாலிஷ் பசை. விரிசல் மட்டும் போகாது. அதற்குப் புதுக் கண்ணாடிதான், விட்டத்தைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில் அளந்து வாங்க வேண்டும். சூப்பர் குளூ வைத்து ஒட்டாதீர்கள், அதன் ஆவி உட்புறத்தையும் டயலையும் வெண்மையாக மங்கவைக்கும்.

கேஸுக்கு, மிஷினை எடுத்துவிட்டுச் சோப்பு நீரும் மென்தூரிகையும் போதும். மோட்டார் பஃப் கொண்டு தேய்த்தால் கூர்விளிம்புகள் உருண்டுவிடும், அவை திரும்ப வராது. பூச்சுக் கேஸ் என்றால் இன்னும் கவனம். பின்பக்கத்தில் 20 மைக்ரான் என்று பொறித்த தங்கப்பூச்சு, ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஒரே பாலிஷில் பித்தளை தெரிந்துவிடும்.

கேள்வி: புது ரப்பர் வளையம் போட்டிருக்கிறேன். இனி கைகழுவும்போது வாட்சைக் கழற்ற வேண்டுமா?

பதில்: கழற்றுங்கள். பின்மூடி வளையம் புதிதாக இருக்கலாம். சாவிக் குமிழுக்குள் இருக்கும் வளையம் பழையது, அக்ரிலிக் கண்ணாடியின் விளிம்பும் பழைய பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அழுத்தக் கருவியில் சோதிக்காத பழைய வாட்சுக்கு நீர் ஆகாது. கண்ணாடிக்குள் பனி படிவதைப் பார்த்தால் அன்றைக்கே பின்மூடியைத் திறந்து, தூசி விழாமல் ஒரு கிண்ணத்தால் மூடி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் அருகே வைத்து ஓர் இரவு உலரவிடுங்கள். துரு முதலில் தண்டில் தொடங்குவதால், மறுநாள் தண்டை வெளியே எடுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.